பெட்ரோல் கசிந்த மண்ணில் வேலை: முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

சுற்றுச்சூழல் பொறியியலோ நிலவியலோ படித்துவிட்டு அமெரிக்காவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேரப்போகிறீர்களா? முதல் ஆண்டு முடிவதற்குள் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில், ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே, தரையோடு தரையாக இருக்கும் ஒரு சின்னக் கிணற்று மூடியைத் திறந்துகொண்டு குந்தியிருப்பீர்கள். காரணம் எண்ணிக்கைதான். 1980-களில் அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கே நிலத்தடி டேங்குகளில் உறுதியான கசிவுகள் 5.7 லட்சத்துக்கும் மேல். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுத்தம் செய்து கோப்பை மூடியாயிற்று. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவை பாக்கி. இந்தியாவிலும் மாசடைந்த இடங்களைக் கையாள 2025 ஜூலையில் தனி விதிகள் வந்துவிட்டன. ஆக, இதே வேலை சென்னையிலும் கோவையிலும் கிடைக்கப்போகிறது.

வேலை விளம்பரத்தில் ‘சுத்திகரிப்பு’ என்று போட்டிருப்பார்கள். சேர்ந்த பிறகுதான் தெரியும், மெஷின் ஓட்டும் நேரம் கொஞ்சம்; பெட்ரோல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, யார் வீட்டை எட்டும் என்று தேடும் நேரம்தான் அதிகம். இந்தத் துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, இடம் புரிவதற்கு முன்பே மெஷினை இறக்கியதால் வீணாவது என்பது என் எண்ணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கசிவு எங்கிருந்து வருகிறது

பழைய கதை எளிது. பூச்சில்லாத இரும்பு டேங்கைப் புதைத்தார்கள், அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. 1984-ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது, 1988-ல் விதிகள் வந்தன, பழைய டேங்குகளை மேம்படுத்தவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை கெடு கொடுத்தார்கள். இன்றைக்கு டேங்கைவிடக் குழாய் இணைப்புகளையும், பெட்ரோல் போடும் மெஷினுக்கு அடியில் இருக்கும் பகுதியையும், டேங்கர் லாரி லோடு இறக்கும் வாயையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

“டேங்க் டெஸ்ட் பாஸ் ஆயிருக்கு, அப்புறம் எப்படிக் கசியும்?” என்று பங்க் உரிமையாளர் கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. மாதாந்திரச் சோதனையில் டேங்க் அளவிடும் கருவி பிடிக்க வேண்டிய கசிவின் அளவு மணிக்கு 0.2 கேலன். அதற்குச் சற்றுக் குறைவாகக் கசிந்தால் கருவி மௌனமாக இருக்கும். கணக்குப் போட்டால் அது மாதத்துக்கு 144 கேலன், சுமார் 545 லிட்டர். டிப் ராடு வைத்துக் கணக்குப் பார்க்கும் பழைய முறையில் இன்னும் தாராளம்: மாத விற்பனையில் 1 சதவீதமும் அதற்கு மேல் 130 கேலனும் வித்தியாசம் வந்தால்தான் கேள்வி. சோதனையில் தேறிய டேங்க்கும் கசியலாம் என்பதை மரியாதையாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய கசிவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. அமெரிக்கக் குடிநீரில் அதற்கு அனுமதி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், கலிபோர்னியாவில் 1. பெட்ரோலில் 1 சதவீதம் பென்சீன் என்று வைத்தால், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் சுமார் 17 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த 5 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். எல்லாமும் கரைந்து சீராகக் கலந்தால் என்ற காகிதக் கணக்குதான் இது. ஆனாலும் உரிமையாளரிடம் பேச இதைவிட நல்ல கணக்கு இல்லை.

மண்ணுக்குள் அது என்ன செய்கிறது

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி 0.74 பக்கம். கீழே இறங்கும், நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன் மேல் பரவி நிற்கும். அதிலிருந்து பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் நீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகரும். மேலே ஆவி கிளம்பி, இடுக்கு கிடைக்கும் பக்கம் போகும். மண் துகளோடு ஒட்டிக்கொண்ட மிச்சம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து நீரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஆக, மிதப்பது, கரைந்தது, ஆவியானது, ஒட்டியது என்று ஒரே பொருள் நாலு நிலையில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

பெட்ரோலில் வேறென்ன கலந்திருந்தது என்பதும் முக்கியம். எரிதலைச் சீராக்க எம்.டி.பி.இ. என்ற பொருளைச் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. அது நீரில் எளிதாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் அவ்வளவு சீக்கிரம் தின்னாது. கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் தன் சார்னாக் கிணறுகளில் அதைக் கண்டு 1996-ல் அவற்றை மூடியது. நகரத்தின் உள்ளூர் நீராதாரத்தில் பெரும்பங்கு ஒரே ஆண்டில் போயிற்று. அந்த மாநிலத்தில் 2003 இறுதியோடு அதற்குத் தடை. அப்போது மாற்றாக வந்தது எத்தனால். எத்தனாலை நுண்ணுயிர்கள் விரும்பித் தின்னும், ஆனால் அந்த வேகத்தில் மண்ணிலிருக்கும் ஆக்ஸிஜனையும் தீர்த்துவிடும். பின்னால் வரும் பென்சீனுக்கு எதுவும் மிச்சமிருக்காது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் இந்தியாவில் வேலை பார்க்கப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உயிரோடு வீட்டுக்குப் போக

அமெரிக்காவில் தளத்தில் கால் வைக்கும் முன் 40 மணி நேர அபாயக் கழிவுப் பயிற்சி, மூன்று நாள் மேற்பார்வையில் களவேலை, பிறகு ஆண்டுதோறும் 8 மணி நேர மறுபயிற்சி. இதெல்லாம் சட்டம். நிறுவனம் பணம் கட்டும். கட்டாது என்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.

பயிற்சியில் பென்சீனைப் பற்றி நிறையச் சொல்வார்கள். சரிதான், ஆனால் பங்க்கில் உங்களை முதலில் அடிக்கக்கூடியது கார். ரிவர்ஸ் எடுக்கிறவர் தரையில் குந்தியிருக்கும் உங்களைப் பார்க்க மாட்டார். உங்கள் வண்டியை உங்களுக்கும் போக்குவரத்துக்கும் நடுவே நிறுத்துங்கள், பிறகு கூம்பு வையுங்கள்.

அடுத்தது தீ. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதம் ஆனாலே தீப்பிடிக்கும் நிலை. கையில் இருக்கும் மீட்டர் அந்தக் கீழ்வரம்பில் எத்தனை சதவீதம் என்றுதான் காட்டும். அதில் 10 என்று தெரிந்தால் காற்றில் 0.14 சதவீதம் என்று பொருள், அதுவே வேலையை நிறுத்தும் அளவு. ஆவி காற்றைவிடக் கனமானது, அதனால் குழிக்குள் தேங்கும். மூக்கை நம்ப வேண்டாம். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கு வாடை பழகிவிடும். ஐந்தடிக்கு மேல் ஆழமான குழியில், பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமலோ சரிவாக வெட்டாமலோ, யார் சொன்னாலும் இறங்காதீர்கள். மண் சரிந்தால் ஓடித் தப்ப நேரமிருக்காது.

துளை போடும் முன், நிலத்தடிக் குழாய்களைக் குறித்துக்கொடுக்கும் 811 எண்ணுக்கு போன் செய்வது அங்கே சட்டம். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை என்று தரையில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்: அந்தக் கோடுகள் பொது நிறுவனங்களின் குழாய்களுக்கு மட்டும். பங்க்குக்குள்ளே டேங்கிலிருந்து மெஷினுக்குப் போகும் பெட்ரோல் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அதற்குத் தனியாக ஆள் வைத்துத் தேட வேண்டும். அதன் பிறகும் முதல் ஐந்தடியைக் கையாலோ, காற்றால் மண்ணை உறிஞ்சும் கருவியாலோ தோண்டிவிட்டுத்தான் டிரில் இறங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பங்க்கில் பெட்ரோல் குழாயைத் துளைத்தால், ஒரு கசிவைத் தேடப் போய் இன்னொரு கசிவுக்கு நீங்களே சொந்தக்காரர்.

கிணறு போடுதல்

டிரில்லரோடு சண்டை வேண்டாம். அவருக்குப் பட்டம் இல்லாமல் இருக்கலாம். அந்த ஊர் மண்ணை உங்களைவிட ஆயிரம் தடவை அதிகம் பார்த்திருப்பார். ரிக்கின் சத்தம் மாறும்போதே களிமண் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கண்ணாலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மேலே வரும் மண்ணை அடிக்கு அடி பார்த்து நிறம், துகள் அளவு, ஈரம், வாடை எழுதுவது உங்கள் வேலை. ஒவ்வொரு துண்டையும் பையில் போட்டு, பி.ஐ.டி. என்று எல்லோரும் சொல்லும் ஆவி மீட்டரின் முனையைச் செருகிப் பார்ப்பீர்கள். அது ஆவி இருக்கிறதா, அதிகமா குறைவா என்று காட்டும். பென்சீனா வேறொன்றா என்று சொல்லாது. மீத்தேனைப் பார்க்கவே பார்க்காது. காலையில் ஐசோபியூட்டிலீன் வாயு வைத்துத் திருத்தவில்லை என்றால் அன்றைய எண்களுக்கு மதிப்பில்லை.

கண்காணிப்புக் கிணறு பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு அங்குல பி.வி.சி. குழாய்தான். அதில் சல்லடை போலக் கீறல் விட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நிற்க வேண்டும். முழுக்க நீருக்குள் மூழ்க வைத்துவிட்டால் மிதக்கும் பெட்ரோல் உள்ளே வர வழியில்லை. ‘பெட்ரோல் இல்லை’ என்று அந்தக் கிணறு ஆண்டுக்கணக்கில் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். பழைய தளம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது முதலில் கிணறுகளின் கட்டுமான வரைபடத்தை வாங்கிச் சல்லடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அளக்க வேண்டும், மூடிகளைத் திறந்து சற்று நேரம் விட்டு அளக்க வேண்டும், குழாயின் விளிம்பில் வெட்டிய அடையாளத்திலிருந்துதான் அளக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே அளவு டேப் அடியைப் பத்தாகவும் நூறாகவும் பிரித்தது, அங்குலம் கிடையாது. 12.5 என்றால் பன்னிரண்டடி ஆறங்குலம். மிதக்கும் பெட்ரோல் இருந்தால் அதன் எடை நீர்மட்டத்தைக் கீழே அழுத்தும். பெட்ரோலின் தடிமனை முக்கால் பங்காக்கி நீர்மட்டத்தோடு கூட்டாமல் வரைபடம் போட்டால் அம்புக்குறி தப்பான வீட்டைக் காட்டும்.

சாம்பிள் எடுக்கும் நாள்

இந்த நாளைச் சரியாகச் செய்யத் தெரிந்தவரை எந்த மேலாளரும் விட மாட்டார். சில பழக்கங்கள்.

தளத்துக்கு வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போடாதீர்கள். முந்தைய நாளே போட்டுவிடுங்கள். கையில் ஒட்டியதே சாம்பிளைக் கெடுக்கப் போதும். ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கம் வையுங்கள். சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள், கிணற்றுக்குக் கிணறு கையுறை மாற்றுங்கள்.

தண்ணீரை அடித்து இறைக்கக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மெதுவாக எடுத்து, கார அமிலத்தன்மை, கடத்துத்திறன், கரைந்த ஆக்ஸிஜன், கலங்கல் எல்லாம் தொடர்ந்து மூன்று அளவீடுகளில் நிலைத்த பிறகே குப்பியைப் பிடிக்க வேண்டும். 40 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ளே துளி அமிலம். விளிம்பு முட்ட நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். காற்றுக் குமிழ் தெரிந்தால் புதுக் குப்பி. பென்சீன் அந்தக் குமிழுக்குள் ஓடிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்தால் லேபுக்கு 14 நாள் அவகாசம்.

லேபிலிருந்து வந்து, திறக்காமலே திரும்பிப் போகும் சுத்த நீர்க் குப்பி ஒன்று பெட்டியில் இருக்கும். அதில் பென்சீன் தென்பட்டால் அன்றைய சாம்பிள்கள் அத்தனையும் சந்தேகம். அதைக் ‘காலிக் குப்பிதானே’ என்று விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் அந்த எண் நீதிமன்றத்தில் நிற்காது.

களக் குறிப்பேட்டைப் பேனாவால் எழுதுங்கள். தப்பென்றால் ஒரே கோடு போட்டு அடித்து, முதலெழுத்தும் தேதியும் போடுங்கள். பக்கத்தைக் கிழிக்காதீர்கள். மழை பெய்ததா, பக்கத்து மனையில் யாராவது நீர் இறைத்தார்களா, அன்று பங்க்கில் லோடு இறங்கியதா எல்லாம் எழுதுங்கள். நாலு ஆண்டு கழித்து ஓர் எண் மட்டும் துள்ளிக் குதித்திருக்கும். காரணம் உங்கள் கிறுக்கலில்தான் இருக்கும்.

எண்களைப் படிப்பது

இதுதான் தொழிலின் சாரம், இங்கே கொஞ்சம் நிற்போம்.

கிணற்றில் கருவியை இறக்குகிறீர்கள். பெட்ரோலைத் தொட்டதும் தொடர்ந்து ஒலிக்கிறது, நீரைத் தொட்டதும் விட்டுவிட்டு ஒலிக்கிறது. இடைப்பட்டது ஓர் அடி. ‘நிலத்தடியில் ஓரடிக்குப் பெட்ரோல் குளம்’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். மண்ணில் பெட்ரோல் குளமாக நிற்பதில்லை. துகள்களுக்கு நடுவே நீரோடும் காற்றோடும் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கிறது. வெற்றுக் குழாய்க்குள் மட்டும் அது சேர்ந்து தடிமனாகத் தெரிகிறது. களிமண்ணில் இந்த மிகை இன்னும் அதிகம்.

இப்போது கோடை வருகிறது, நீர்மட்டம் இறங்குகிறது. பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. மழை வந்து நீர்மட்டம் ஏறும்போது எல்லாமும் கூட ஏறி வராது. ஒரு பகுதி மண் இடுக்கில் மாட்டி நீருக்கடியில் நின்றுவிடும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஏறி இறங்கினால் ஓரமெல்லாம் பிசுக்குப் பட்டையாக ஒட்டுமே, மண்ணிலும் அதே பட்டைதான். சில ஆண்டுகளில் அது நாலைந்து அடி உயரத்துக்கு ஆகிவிடலாம்.

ஆகவே வறட்சியில் கிணற்றில் பெட்ரோலின் தடிமன் கூடும், மழைக்குப் பின் காணாமலே போகும். உரிமையாளர் மகிழ்ச்சியோடு, “மெஷின் வேலை செஞ்சிடுச்சு” என்பார். அதே மாதம் கரைந்த பென்சீன் அளவு ஏறியும் இருக்கலாம், ஏனென்றால் பிசுக்குப் பட்டை இப்போது நீருக்குள் ஊறுகிறது. இரண்டு எண்களும் உண்மை, இரண்டுமே முன்னேற்றத்தையோ பின்னடைவையோ சொல்லவில்லை. நீர்மட்டம் ஏறியதைச் சொல்கின்றன. எந்த அறிக்கையிலும் பென்சீன் வரைகோட்டை நீர்மட்ட வரைகோடு இல்லாமல் தனியே போடாதீர்கள். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் பாதிக் கேள்விகள் கூட்டத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். முழு ஆண்டின் ஏற்ற இறக்கத்தையாவது பார்க்காமல் போக்கு என்று ஒன்றும் சொல்லக் கூடாது. இரண்டு காலாண்டுத் தரவை வைத்துக் கோடு இழுக்கச் சொல்லும் மேலாளர்கள் உண்டு. இழுத்துக் கொடுங்கள், அடியில் வரம்புகளை எழுதி உங்கள் பெயரையும் போடுங்கள்.

எதை வைத்துச் சுத்தம் செய்வது

டேங்கை வெளியே தூக்கும் நாள்தான் மிக மலிவான நாள். குழி திறந்திருக்கிறது, இயந்திரம் நிற்கிறது; எட்டும் கெட்ட மண்ணை அப்போதே வெட்டி எடுத்துவிட்டால் பின்னால் வரும் ஆண்டுகள் குறையும். அடித்தளமும் சாலையும் குறுக்கே நின்றால் அதற்கு மேல் வெட்ட முடியாது.

மணல் பாங்கான இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே தங்கியதை உறிஞ்சி எடுப்பது நன்றாக வேலை செய்யும். உறிஞ்சும் மோட்டார் கிணற்றில் வெற்றிடம் உண்டாக்கி ஆவியை இழுக்கும். கரித்தூள் தொட்டியிலோ எரிகலனிலோ அது முடியும். முதல் வாரங்களில் கிலோ கணக்கில் வரும், பிறகு சொட்டாகக் குறையும். குறைந்தவுடன் வெற்றி என்று அறிவிக்காமல் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு திரும்ப ஏறினால் மண் இன்னும் வைத்திருக்கிறது. நீருக்கடியில் காற்று செலுத்திப் பென்சீனைக் குமிழோடு கிளப்புவதும் உண்டு. மேலே உறிஞ்சும் கருவி இல்லாமல் அதை மட்டும் ஓட்டுவது, பக்கத்து வீட்டு அடித்தளத்துக்கு ஆவியை நாமே அனுப்பிவைப்பது. களிமண்ணில் இந்த இரண்டையும் விற்க வருகிறவரிடம், காற்று களிமண்ணுக்குள் எப்படிப் போகும் என்று மட்டும் கேளுங்கள்.

நீரை இறைத்துச் சுத்தப்படுத்துவது பரவலைத் தடுத்து நிறுத்த உதவும். முழுதாகத் துடைக்க அது மெத்த நாள் எடுக்கும். ரசாயனம் செலுத்தி ஆக்ஸிஜனேற்றம் செய்வதில் சூடு பிறக்கும். மிதக்கும் பெட்ரோல் உள்ள இடத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றுவது விபத்துக்கு அழைப்பு.

மீதி வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. 1995-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிபோர்னியாவின் கசிவுத் தளங்களை ஆராய்ந்து, பென்சீன் பரவல் பெரும்பாலும் 250 அடியைத் தாண்டுவதில்லை என்று சொன்னபோது துறையே ஆடிப்போயிற்று. மெஷின் வாடகையில் வாழ்ந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று சும்மா இருப்பதற்குப் பெயர் சுத்திகரிப்பு அல்ல, நிரூபிக்க வேண்டும். பரவலின் நடுவில் ஆக்ஸிஜன், நைட்ரேட், சல்ஃபேட் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அது சாட்சி. அந்தச் சோதனைகளைப் பணம் மிச்சம் பிடிக்க வெட்டுகிறவர்கள் பிறகு கோப்பை மூட முடியாமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள்.

2012 ஆகஸ்ட்டில் கலிபோர்னியா கொண்டுவந்த ‘குறை அபாய’க் கொள்கை இந்த வழியில் வந்ததுதான். அதன் ஒரு பிரிவின்படி, பரவல் 250 அடிக்குள், மிதக்கும் பெட்ரோல் இல்லை, குடிநீர்க் கிணறு 1000 அடிக்கு அப்பால் என்றால் பென்சீன் லிட்டருக்கு 3000 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால் கோப்பை மூடலாம். குடிநீருக்கு 1, கோப்பு மூட 3000. பத்திரிகைக்காரர் கேட்டால் இதை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்: யாரும் குடிக்காத, நகராத, தானே குறைந்துகொண்டிருக்கும் நீர் என்பதை எண்களால் காட்டிய பிறகே அந்த அனுமதி.

பக்கத்து வீட்டம்மா

கதவைத் தட்டி, “தண்ணி குடிக்கலாமாப்பா?” என்று எந்த ஊரிலும் கேட்பார்கள். ‘ஒன்றுமில்லை’ என்றும் சொல்லாதீர்கள், ‘ஆபத்து’ என்றும் சொல்லாதீர்கள். எந்தக் கிணற்றில், எந்தத் தேதியில், எவ்வளவு இருந்தது, வரம்பு எவ்வளவு, அடுத்த சோதனை எப்போது, அரசு அலுவலகத்தில் யாரிடம் கேட்கலாம், இவ்வளவும் சொல்லிவிட்டு மேலாளருக்கும் தெரிவியுங்கள். வீட்டுக்குள் வாடை வருகிறது என்றால் அது வேறு விஷயம். அன்றே தீயணைப்புத் துறைக்கும் மேலாளருக்கும் போன். கசிவு தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்வது அமெரிக்க விதி. சாக்கடைக் குழாயைச் சுற்றி நிரப்பிய ஜல்லி வழியே ஆவி வெகுதூரம் போகும். வரைபடத்தில் நீரோட்டம் தெற்கே இருக்க, வடக்கே ஒரு வீட்டில் வாடை வந்தால் முதலில் சாக்கடைப் பாதையைத் தேடுங்கள்.

நம் ஊரில்

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் எண்ணெய் வந்தது. காரணம் பங்க் இல்லை, தரைக்கடியில் போன எண்ணெய்க் குழாய். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கப் பாடநூலில் பங்க்கைச் சுற்றியுள்ள வீடுகள் நகராட்சி நீர் குடிக்கும், நிலத்தடி நீர் தன்பாட்டுக்கு ஓடும். நம் தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார். காலையில் எல்லாரும் டேங்க் நிரப்பும்போது நீரோட்டம் ஒரு பக்கம், மத்தியானம் வேறு பக்கம். மூன்று கிணறு போட்டு அம்புக்குறி வரைந்தால் அந்த அம்பு அரை நாள் கூடச் செல்லாது. யார் வீட்டில் எத்தனை மணிக்கு மோட்டார் ஓடுகிறது என்ற பட்டியல்தான் இங்கே முதல் ஆவணம்.

மண்ணும் வேறு. சென்னைக் கரையோரம் மணல், நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழம். சேலம், கோவைப் பக்கம் கடும்பாறை; பெட்ரோல் பாறை வெடிப்பு வழியே போகும், பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டுத் தூரத்துக் கிணற்றில் தலைகாட்டும். அங்கே மணல் தளத்துக் கணக்குகள் எடுபடாது.

சட்டப் பக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்கு உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, பெசோ. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்க்குகளுக்கு நெறிமுறை தந்தது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தூரம் என்பது அதில் வருகிறது. 2025 விதிகளில், சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் ஆராய வேண்டும், மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும். ஆராய ஆள் வேண்டும், சாம்பிள் எடுக்க ஆள் வேண்டும். அங்கீகாரம் பெற்ற லேபுகள், எண்ணெய் நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவுகள், ஆலோசனை நிறுவனங்கள் என்று தேடத் தொடங்குங்கள்.

நேர்காணலுக்கு முன்

அமெரிக்காவில் நீண்ட நாள் இருக்க நினைத்தால் உரிமம் அவசியம். நிலவியல் படித்தவர்களுக்கு ஆஸ்பாக் (ASBOG) தேர்வுகள், பொறியாளர்களுக்கு எஃப்.இ. (FE) தேர்வு, பிறகு பி.இ. (PE) தேர்வு. முதல் தேர்வைப் படிப்பு ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற தனியார் நிபுணரே தளத்தை மூடக் கையெழுத்திடலாம். அங்கே அந்தக் கையெழுத்துக்கு நல்ல கிராக்கி, பொறுப்பும் அதே அளவு.

நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை: களத்தில் எத்தனை நாள், எழுத்தில் எத்தனை நாள்? தனியாக அனுப்புவீர்களா, முதல் மாதங்களில் கூட ஆள் வருமா? வேலையை நிறுத்தும் உரிமை புதியவருக்கு உண்டா? கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

போவதற்கு முன் செய்ய ஒரு வீட்டுப்பாடம். கலிபோர்னியா நீர் வாரியத்தின் ஜியோடிராக்கர் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; மயிலாப்பூரில் உட்கார்ந்தும் படிக்கலாம். மூடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்க் கோப்பை எடுங்கள். முதல் கசிவு அறிக்கை, கிணறுகளின் மண் பதிவுகள், காலாண்டு அட்டவணைகள், மூடல் கடிதம் என்று வரிசையாகப் படியுங்கள். எந்த ஆண்டில் மெஷின் இறக்கினார்கள், அதற்கு முன் எத்தனை கிணறு இருந்தது, பிறகு எத்தனை கிணறு கூடுதலாகப் போட வேண்டி வந்தது என்று தனியே எழுதுங்கள். நேர்காணலில் அந்தத் தளத்தைப் பற்றிக் கேட்க உங்களிடம் நாலு கேள்வி இருக்கும்.